ஒரு நாள் பின்னால

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேர் வேண்டாங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. உங்கப்பா உள்ள பலகை மேல ஏறிட்டாரு, இனி கால் மணி நேரம் ஆகுமுங்க. நீங்க உள்ள நிக்கக் கூடாது, தப்பா நெனச்சுக்காதீங்க. சொந்தக்காரங்க பக்கத்துல நின்னா பேஷண்டு அவங்க மூஞ்சியத்தான் பாப்பாரு. முட்டையப் பாக்க மாட்டாரு.

அது ஒண்ணுமில்லீங்க, கோழி கத்துது. டி.வி.ல ஒரு முட்டை கீழ உழுந்தா ஒருக்கா அப்படிக் கத்தும். அதுக்குப் போயி இப்படித் தூக்கிவாரிப் போடுதுங்களே உங்களுக்கு.

நான் சென்னியப்பனுங்க. போன்ல பேசுனது நாந்தான். மானேஜருன்னு வெளிய போர்டுல போட்டிருக்குது. ஆனா காலைல கதவு தெறக்கறது, மெஷினப் பாக்கறது, டாக்டர் சாருக்குப் பேப்பர் எடுத்து வெக்கறது எல்லாமே நாந்தான். டாக்டர் சார் கோயமுத்தூர்லேர்ந்து செவ்வாக்கெழமை மட்டும் வருவாரு. இதே கோபியில இருவது வருசம் டி.வி. மெக்கானிக்கா இருந்தவனுங்க நான். எந்தப் பெட்டியக் கொண்டாந்தாலும் ‘இது ஆவாது, தூக்கிப் போடுங்க’ன்னு நான் சொன்னதே இல்லீங்க. அது என்ர கொணம்.

உங்கம்மா சொன்னாங்கன்னு ஓசூர்லேர்ந்து லீவு போட்டுட்டு ஓடியாந்திருக்கறீங்க. கால் இழுக்குது, சோத்துக் கையி நடுங்குதுன்னு சொன்னாங்களாக்கும். வீட்டுல இருக்கறவங்க கண்ணு அப்படித்தானுங்க. தெனமும் பாக்கறவங்களுக்கு நல்லது தெரியாது, கெட்டது மட்டுந்தான் தெரியும். நான் அதனாலதான் கண்ண நம்பறதில்லீங்க. மெஷின் போடற கோட்டத்தான் நம்பறேன். உங்கப்பாவோட கோடு மூணு வாரமா ஏறிட்டே வருது. பேப்பர் அந்த பைல்ல இருக்குது, எடுத்துத் தாரேன் இருங்க.

உள்ள இருக்கறது ஆஸ்பத்திரி மெஷினுன்னா நெனச்சீங்க? இல்லீங்க. கொழந்தைங்க டி.வி.ல மாட்டி வெளையாடற கேம் பெட்டிங்க அது. காரு ஓட்டறது, பந்து அடிக்கறதுன்னு வெளையாடுவாங்கல்ல, அதேதான். அதுக்குத் துணையா ஒரு பலகை குடுத்தாங்க, எடை பாக்கற மெஷினாட்ட. மேல ஏறி நின்னா எந்தக் காலுல எவ்வளவு பாரம் போடறோமுன்னு அது கண்டுபுடிச்சிரும். பலகைக்குன்னே ஒரு வெளையாட்டு. டி.வி.ல ஒரு ஆளு, தலை மேல ஒரு தட்டு, தட்டுல பத்து முட்டை. நீங்க நேரா நின்னா அவன் நேரா நடப்பான். நீங்க ஒரு பக்கம் சாஞ்சா தட்டு சாயும், முட்டை உருளும். பலகைய விட்டு ஆளு எறங்கிட்டா ஆட்டம் அப்படியே நின்னுரும். கடைசில எத்தனை முட்டை மிச்சமோ அதுதான் அன்னைக்கு மார்க்கு. வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்தவங்க நேரா நிக்கப் பழகறதுக்கு இதவிட்டா வேற ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சாரே சொல்லுவாரு. எம்பது வயசுக்காரங்க வந்து கொழந்தையாட்ட ‘என் முட்டை, என் முட்டை’ன்னு நிப்பாங்க. பாக்கோணுமுங்க அத.

மார்க்கெல்லாம் மெஷினே வெச்சுக்கும். எந்தத் தேதிக்கு எத்தனை முட்டைன்னு புள்ளி வெச்சு, கோடு போட்டு, படமாக் காட்டும். கோடு மேல ஏறுச்சுன்னா ஆளு தேறறாரு. எறங்குச்சுன்னா என்னமோ தப்பு, ஸ்கேன் எடு, மருந்த மாத்துன்னு டாக்டர் சார் பாத்துக்குவாரு. நாப்பது பேஷண்டு வாராங்க, ஒருத்தருக்கு மூணு நிமிசம். அந்த மூணு நிமிசத்துல அவரு பாக்கறது கோடு ஒண்ணத்தானுங்க.

இப்படி நல்லா ஓடிட்டிருக்கறப்பத்தான் அந்தக் கம்பெனிக்காரன் போன கார்த்திகையில புதுப் பெட்டி எறக்குனான். எறக்கட்டும், வேண்டாங்கல. புதுசு வந்தா பழச ஏனுங்க கழுத்த நெரிக்கோணும்? ஒரு நாள் காலைல டி.வி.யப் போட்டா திரை நெறைய எழுத்து. ‘இந்த மாடலுக்கு எங்களோட சப்போர்ட் மார்ச் முப்பத்தொண்ணோட முடியுது. இத்தனை வருசம் எங்களோட வெளையாண்டதுக்கு நன்றி.’ வெளையாண்டதுக்கு நன்றியாமா. இங்க ஒருத்தர் எந்திரிச்சு நிக்கறதுக்கு ஆறு மாசமாப் போராடறாரு, அவன் நன்றி சொல்றான்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. நல்ல மரியாதையான பொண்ணுதான். ‘உங்க மாடல் பழசுங்க சார், புதுசுக்கு மாறிக்குங்க’ன்னுச்சு. ‘பலகை புதுசுக்குப் பொருந்துமா கண்ணு’ன்னு கேட்டேன். ‘பலகையா, அப்படின்னா என்னங்க சார்’ங்குது. அவங்களே வித்த பொருளு. பேர் கூட அந்தப் பொண்ணுக்குச் சொல்லித் தரல. பதினோரு தடவை போன் போட்டனுங்க. கடைசியா ஒருத்தன் உள்ளதச் சொன்னான். அந்த முட்டை வெளையாட்டு ஒவ்வொருக்கா தெறக்கறப்பவும் கம்பெனிகிட்ட ‘தெறக்கலாமா’ன்னு கேக்குமாமா. மார்ச்சுக்கு மேல பதில் சொல்ல அங்க ஆளிருக்காதாமா. அப்புறம் அது தெறக்காதாமா.

அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல அம்மிணி. பொய் சொல்லல.

பாத்தீங்களா, திருப்பியும் கத்துது. ரெண்டு தடவை. ஆரம்பத்துல அப்படித்தான் கத்தும். போகப் போக சரியாயிரும்.

ஏப்ரல் ஒண்ணாந்தேதி காலைல போட்டனுங்க. கம்பெனிக்காரன் சொன்ன சொல்லு தவறல. தெறக்கல. ‘சேவை முடிந்தது’. அவ்வளவுதான். வெளிய இதே பெஞ்சுல ஏழு பேரு உக்காந்திருக்கறாங்க. ஒருத்தர நாலு பேரு தூக்கிட்டு வந்திருக்கறாங்க. ரெஜினா மேடம் வரதுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்குது. ரெஜினா மேடமுன்னா அப்ப இங்க இருந்த பிசியோ, மார்த்தாண்டத்துப் பக்கம். அவங்க வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது? டாக்டர் சாருக்குத் தெரிஞ்சா பலகையத் தூக்கிப் போட்டுட்டு அந்த ரூம மருந்துக் கடைக்கு விட்டுருவாரு. எனக்கு ரோசனை ஓடுச்சு. மெக்கானிக் புத்தி. நெட்டு ஒயரப் புடுங்கிட்டேன். கேக்கறதுக்குக் கம்பெனி இல்லீன்னா அது யாரக் கேக்கும்? சொந்தக் கடியாரத்தத்தான் கேக்கும். கடியாரத்துல போயி தேதிய மாத்துனேன். மார்ச் முப்பது.

வெளையாட்டு தெறந்துருச்சு. நானே ஏறி நின்னு பாத்தேன், கோழி கத்துச்சுங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அடுத்த நாளும் மார்ச் முப்பதே வெச்சேன். அப்ப மெஷின் கேக்குது, ‘இன்னைக்குத்தான் வெளையாண்டாச்சே, அந்த மார்க்க அழிச்சுட்டுப் புதுசு எழுதட்டுமா’ன்னு. ஒரு நாளைக்கு ஒரு மார்க்குத்தான் வெச்சுக்குமாமா. நேத்தைய மார்க்க அழிச்சா கோடு எப்படிங்க வரும்? ஒரே புள்ளிதான் நிக்கும். முன்னால போலாமுன்னா முப்பத்தொண்ணோட செவுரு. அப்பத்தான் தோணுச்சு, பின்னால எவ்வளவு வேணாலும் எடமிருக்குதேன்னு. மார்ச் இருவத்தொம்போது வெச்சேன். அடுத்த நாள் இருவத்தெட்டு. அன்னையிலேர்ந்து தெனமும் காலைல எட்டரைக்கு வந்து, சாமி படத்துக்குப் பூ வெச்சுட்டு, மெஷின ஒரு நாள் பின்னால தள்ளுவனுங்க. ஒரு நாள் தவறுனதில்லீங்க. பழைய ஆளுங்க மார்க்கோட கலந்துரக் கூடாதுன்னு எல்லாத்தையும் அழிச்சு, புதுசாப் பேரு எழுதி ஆரம்பிச்சேன். அவ்வளவு சுத்தமாச் செய்வேன் நான்.

ஒரே ஒரு தொந்தரவு. பேப்பர்ல படம் எடுத்தா கோட்டுக்குக் கீழ தேதியும் சேந்து வரும். ஜூன் மாசத்துல டாக்டர் சாருகிட்ட ஜனவரின்னு காட்ட முடியுமுங்களா? அதுக்கும் வழி பண்ணேன். நம்ம சென்டர் பேர் போட்ட நீளமான ரப்பர் ஸ்டாம்பு ஒண்ணு கெடக்குது. கோட்டுக்குக் கீழ, தேதி வர்ற வரிசை மேலயே நச்சுன்னு அடிச்சிருவேன். பாக்கறதுக்கும் லட்சணமா இருக்கும். ‘சென்னியப்பா, பேப்பரெல்லாம் இப்பத்தான் ஆஸ்பத்திரிப் பேப்பராட்ட இருக்குது’ன்னு டாக்டர் சாரே சொன்னாரு.

ஆனா ஒண்ணுங்க அம்மிணி. மெஷினுக்குப் பழைய மரியாதை போயிருச்சோ என்னமோ, அதுக்கப்புறம் அது சொல்றதும் ஆளுங்க சொல்றதும் ஒத்தே வரலீங்க. பூங்கொடின்னு ஒரு பொண்ணு வந்துச்சு, தறி ஓட்டறது. பஸ்சுலேர்ந்து உழுந்து இடுப்புல அடி. அது வரப்ப ரெண்டு பேரு தாங்கிப் புடிச்சுட்டு வந்தாங்க. ஒரு மாசத்துல தனியா வருது, படி ஏறுது, ‘அண்ணா, எனக்கு நல்லாயிருச்சு, வேலைக்குப் போகட்டுங்களா’ங்குது. கோட்டப் பாத்தா கீழ எறங்குது. அதும் சும்மா எறங்கல, சறுக்குப் பலகையாட்ட எறங்குது. ‘கண்ணு, உனக்கு நல்லாருக்கற மாதிரி தோணும், உள்ளுக்குள்ள கெட்டுப்போயிட்டிருக்குது’ன்னு நான் எடுத்துச் சொன்னேன். அழுதுச்சு. தறி மொதலாளி பேப்பரக் கேட்டு வாங்கிப் பாத்துட்டு வேற ஆளப் போட்டுட்டாரு. இப்ப வீட்டுல படுத்தே கெடக்குதாமா. எந்திரிக்கவே பயமா இருக்குதுன்னு சொல்லுதாமா. நான் சொன்னது சரியாப் போச்சு பாருங்க.

நல்லாயிருக்குதுன்னு சொல்றவங்க எல்லாம் கோட்டுல எறங்கறாங்க. வலிக்குது, இழுக்குதுன்னு சொல்றவங்க எல்லாம் ஏறறாங்க. மனுசன் வாய நம்பவே கூடாதுன்னு அப்பத்தானுங்க எனக்குத் தெரிஞ்சுது.

அடேங்கப்பா, இன்னைக்குக் கோழிக்குக் கொஞ்சம் வேலை அதிகந்தான். உங்கப்பா ஆர்வத்துல வேகமா ஆடறாருன்னு நெனைக்கறேன். உக்காருங்க, உக்காருங்க.

ஆறுச்சாமி அய்யா கதை உங்களுக்குத் தெரியாதுல்ல. அத வெச்சுத்தான் அந்த ரெஜினா மேடம் என்னையக் கேவலப்படுத்திட்டுப் போச்சு. யாருகிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டச் சொல்றேன்.

மஞ்சள் மண்டியில தரகு பாத்தவரு ஆறுச்சாமி அய்யா. வாய்க்கா ஓரத்துல காடு, காட்டுக்குள்ளயே வீடு. ஜூன் மாசம் வந்தாரு. எடது பக்கம் லேசா வாதம், அவ்வளவுதான். மொத நாளே எட்டு முட்டை நிறுத்துனாரு. அத நானே நின்னு பாத்தேன். ‘சென்னியப்பா, ஆடி கழிஞ்சு வாய்க்கால்ல தண்ணி விடறப்ப நான் கரை மேல என்ர காலுல நடந்து போயி மடை தெறக்கோணும், அதுக்கு மட்டும் வழி பண்ணு’ன்னாரு. வேற ஆசையே இல்லீங்க அந்த மனுசனுக்கு.

அவரோட கோடு மாதிரி ஒரு கோட்ட நான் பாத்ததில்லீங்க. அடிக்கோல் வெச்சு வரைஞ்ச மாதிரி மேல போச்சு. மூணுல ஆரம்பிச்சு எட்டுல நிக்குது. டாக்டர் சாருக்கே அதிசயம். ‘வாரா வாரம் பாக்கறேன், கடைசிப் புள்ளி எட்ட விட்டு எறங்கவே இல்லியே, கல்லாட்ட நிக்குதே’ன்னாரு.

ரெஜினா மேடம் மட்டும் சொல்லிட்டே இருந்துச்சு. ‘சார், அவரு இப்பெல்லாம் நாலு முட்டைதான் நிறுத்தறாரு, மூணுதான் நிறுத்தறாரு. எடது காலு வரவர இழுக்குது. தலைக்குள்ள என்னமோ நடக்குது, ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க’ன்னு. நான் பேப்பரக் காட்டுவேன். அதத் திருப்பித் திருப்பிப் பாக்கும். ‘நான் எண்ணுனது தப்பா இருக்குமோ’ன்னு தனக்குத்தானே கேட்டுக்கும். டாக்டர் சாருகிட்டயும் சொல்லிப் பாத்துச்சு. அவரு கோட்டப் பாத்தாரு, மேடத்தப் பாத்தாரு, ‘உங்களுக்கு ரெஸ்ட் வேணுமாம்மா’ன்னு கேட்டாரு. நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது, ஒத்துக்கறேன்.

ஆகஸ்ட்டு மாசம் வாய்க்கால்ல தண்ணி விட்டாங்க. அதுக்கு மொத நாளு ஆறுச்சாமி அய்யாவோட தடிய நாந்தான் வாங்கி வெச்சேன். தடி ஒரு கெட்ட பழக்கமுங்க, அது இருந்தா ஆளு அதையே நம்பும். ‘எட்டு முட்டைக்காரரு நீங்க, உங்களுக்கு எதுக்கு இது’ன்னேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோசம். ‘காலு சொல்றத விட உன்ர பேப்பரு சொல்றதத்தான் நம்பறேன் சென்னியப்பா’ன்னாரு. அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமுங்களா.

மூணாம் நாளு சேதி வந்துச்சு. காலைல தனியா மடைக்குப் போயிருக்கறாரு. கரை ஈரம். ஒண்ணேகால் மைல் தள்ளி, பாலத்துக்கிட்ட எடுத்தாங்க.

எழவுக்குப் போனனுங்க. மாலை போட்டுட்டு, அவரோட மகனுகிட்ட பேப்பரக் காட்டுனேன். ‘பாருங்க தம்பி, உங்கப்பா போறப்ப எட்டு முட்டையோட போனாரு, முழுசாத் தேறிட்டுத்தான் போனாரு, கரை வழுக்கிருச்சு, அதுக்கு யாரு என்ன பண்ணறது’ன்னேன். அந்தப் பையன் என்ர கையப் புடிச்சுட்டு அழுதான். பேப்பர வாங்கிப் போட்டோவுக்குப் பக்கத்துல வெச்சுட்டான். தடிய நான் இன்னும் திருப்பிக் குடுக்கலீங்க. அந்த மூலைல நிக்குது பாருங்க, அதுதான். அதுக்குப் பக்கத்துல நிக்கறது உங்கப்பாவோட வாக்கரு. வெள்ளிக்கெழமையே வாங்கி வெச்சுட்டேன்.

ஆமாங்க, வாங்கி வெச்சுட்டேன். அதுக்கு ஏன் இப்படிப் பாக்கறீங்க? கோடு ஏறுதுங்களே.

எழவு முடிஞ்ச மறுநாளு ரெஜினா மேடம் ஆறுச்சாமி அய்யாவோட ஆபீஸ் காப்பி பேப்பர எடுத்து டியூப் லைட்டுக்கு நேராப் புடிச்சுப் பாத்துச்சு. ஸ்டாம்பு மைக்கு அடியில தேதி தெரிஞ்சிருக்குது. ‘சார், அவரு ஜூன்ல வந்தவரு. இதுல டிசம்பர்னு இருக்குது, ஜனவரின்னு இருக்குது. இது எப்படி’ன்னு கேட்டுச்சு. சரி, தெரிஞ்சா தெரியட்டும், நம்ம தெறமைய ஒருத்தராவது தெரிஞ்சுக்கட்டுமுன்னு எல்லாத்தையும் சொன்னேன். கம்பெனிக்காரன் கைவிட்டது, நான் ஒயரப் புடுங்குனது, தெனம் ஒரு நாள் பின்னால தள்ளறது. ஒரு பாராட்டு வருமுன்னு பாத்தேன்.

அது அப்படியே தரையில உக்காந்துருச்சுங்க. பேப்பர என்ர பக்கமா நீட்டி, ‘சார், இந்தப் பேப்பர வலது பக்கத்துலேர்ந்து படிங்க’ன்னுச்சு. ‘நாம மொத நாளு எழுதுனது வலது கோடியில இருக்குது. கடைசி நாளு எழுதுனது எடது கோடியில இருக்குது. அவரு மூணுலேர்ந்து எட்டுக்கு ஏறல சார், எட்டுலேர்ந்து மூணுக்கு எறங்கியிருக்கறாரு’ன்னுச்சு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். எந்த ஊர்லீங்க வலதுலேர்ந்து எடதுக்குக் கோடு படிக்கறாங்க? பள்ளிக்கூடத்துல நமக்கெல்லாம் எப்படிச் சொல்லிக் குடுத்தாங்க? நானும் பத்தாவது வரைக்கும் படிச்சவன்தான். தனக்கு வேண்டிய பக்கத்துலேர்ந்து படிச்சா எந்தக் கோடும் எறங்கத்தான் எறங்கும். அப்படியே சொன்னேன். அது என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, மனுசன மனுசன் அப்படிப் பாக்கக் கூடாது. அன்னைக்கே பையத் தூக்கிட்டுப் போயிருச்சு. டாக்டர் சாருக்கு ஒரு லெட்டர் எழுதி அனுப்புச்சு, நாலு பக்கம். தபாலெல்லாம் என்ர கைக்குத்தான வரும். படிச்சுப் பாத்துட்டு உள்ள வெச்சுட்டேன். பாவம், நாப்பது பேஷண்ட்டப் பாக்கற மனுசன், அவருக்கு எதுக்கு இந்த வெசனமெல்லாம்.

போறப்ப அது சொன்ன ஒரு வார்த்தைதான் இன்னும் உறுத்துதுங்க. ‘அந்தக் கம்பெனி தேவலை சார். முடிஞ்சுதுன்னு திரையில எழுதியாவது போட்டாங்க’ன்னுச்சு. கைவிட்டுட்டு ஓடுனவன் தேவலையாமா. கைவிடாம வெச்சுக் காப்பாத்தறவன் கெட்டவனாமா. நாயம் எங்க இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க.

இருங்க, பேப்பரு. இந்தாங்க, உங்கப்பாவோடது. ஸ்டாம்பு இன்னும் காயல, மை கையில ஒட்டும். பாருங்க, எடது கோடியில ரெண்டு. அப்படியே ஏறி, ஏறி, வலது கோடியில ஏழு. ஏழு முட்டைங்க.

என்னங்க சொல்றீங்க? மொத நாளு சாயங்காலம் உங்கப்பா போன் பண்ணுனாரா. ஏழு முட்டை நிறுத்துனேன்னு அன்னைக்கே சொன்னாரா. அட, அப்படிங்களா. அப்பப் பாருங்க, மொத நாளும் ஏழு, இன்னைக்கும் ஏழு. ஒரு முட்டைகூட எழக்கல மனுசன்.

ஏனுங்க, வெரல அந்தப் பக்கத்துலேர்ந்து வெக்கறீங்க? இந்தப் பக்கத்துலேர்ந்து வைங்க அம்மிணி.

கோழி கத்தறதக் காதுல போட்டுக்காதீங்க. உள்ள யாரு இருக்கறாங்களா? யாருமில்லீங்க. ரெஜினா மேடத்துக்கு அப்புறம் டாக்டர் சார் இன்னும் ஆளு போடல. எதுக்குப் போடோணும், மெஷின் இருக்குதில்ல. உங்கப்பாவ நானே ஏத்தி நிறுத்திட்டு வந்தேன். பலகைக்கு ரெண்டு பக்கமும் புடிச்சுக்கறதுக்குக் கம்பி இருக்குது. இன்னைக்கு அதப் புடிக்க வேண்டாமுன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன். ஏழு முட்டைக்காரருக்கு எதுக்குங்க கம்பி? ‘கால் நிக்க மாட்டேங்குதுப்பா’ன்னாரு. ‘காலு அப்படித்தான் சொல்லும், நீங்க கைய விடுங்க’ன்னேன். விட்டுட்டாரு. சொன்ன சொல்லக் கேக்கற மனுசன்.

உங்கப்பாவுக்கு வாதம் வந்தது எப்பங்க? போன வருசம் செப்டம்பர் இருவத்தெட்டா? இது என்னங்க அதிசயமா இருக்குது. மெஷின்ல இன்னைக்கு என்ன தேதி தெரியுமுங்களா? போன வருசம் செப்டம்பர் இருவத்தொம்போது. காலைல நாந்தான வெச்சேன். நாளைக்கு இருவத்தெட்டு. நாளன்னைக்கு இருவத்தேழு. அப்படிப் பாத்தா நாளன்னைக்கு மெஷின் கணக்குல உங்கப்பாவுக்குச் சீக்கே வரலீங்க அம்மிணி. நீங்க என்னடான்னா மூஞ்சி வெளுத்துப் போயி உக்காந்திருக்கறீங்க.

எங்கீங்க எந்திரிக்கறீங்க? வேண்டாங்க, கதவத் தெறக்காதீங்க, கவனம் கலைஞ்சிரும் அவருக்கு. பேப்பரக் கசக்கறீங்க பாருங்க. ஒரு நிமிசம் நில்லுங்க. நின்னு கேளுங்க, அவ்வளவுதான்.

கேட்டீங்களா? கோழி நின்னுபோச்சு.

நாந்தான் சொன்னனில்லீங்க, போகப் போக சரியாயிருமுன்னு. ஒரு முட்டைகூட இப்ப கீழ உழுகலீங்க.